பயணத்தின் நடுவே ஒரு தீவு

குழந்தைகளோடு மூன்று மாதம், ஆறு மாதம் என்று நாடு நாடாகச் சுற்றும் குடும்பங்களை ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களின் விசித்திரமாகப் பார்த்தோம். வீட்டிலிருந்தே வேலை என்பது பலருக்கு வழக்கமாகிவிட்ட பிறகு நம் ஊர்க் குடும்பங்களும் அப்படிக் கிளம்பத் தொடங்கியிருக்கின்றன. இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று 2023 நவம்பரில் தாய்லாந்து கதவைத் திறந்தது அதற்கு ஒரு தூண்டுதல். இப்படியொரு பயணத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்தால் பாங்காக், அயுத்தயா, சியாங் மாய், அங்கோர் வாட், ஹனோய் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ‘நடுவில் இரண்டு வாரம் ஏதாவது தீவில் தங்கிவிடலாமே’ என்று ஒருவர் சொன்னால், ‘இவ்வளவு பணம் போட்டுப் போய் மணலில் படுத்துக் கிடக்கவா?’ என்று இன்னொருவர் கேட்பார். நியாயமான கேள்விதான். அந்த இரண்டு வாரம்தான் மீதிப் பயணத்தைத் தாங்கிப் பிடிக்கிறது என்பது என் கட்சி. அதைக் கடைசிக்குத் தள்ளாமல் நடுவில் வைக்க வேண்டும். தீவைத் தேர்ந்தெடுக்கும்போது படத்தில் அழகாக இருப்பதைவிட, குடும்பம் நடத்த வசதியாக இருப்பதைப் பார்க்க வேண்டும். இதைப் பொதுவாகப் பேசினால் காற்றில் போய்விடும் என்பதால், தாய்லாந்தின் கிராபி மாகாணத்திலுள்ள கோ லாந்தாவை வைத்தே பேசுகிறேன்.

முதலில், நீண்ட பயணம் ஏன் இவ்வளவு அலுப்பைத் தருகிறது என்று பார்க்கலாம். மூட்டை தூக்குவதும் பஸ் மாறுவதும் அதில் சிறு பங்குதான். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி, யூகா சசாகி ஆகியோர் அடங்கிய குழு 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, புது இடத்தில் முதல் இரவு தூங்கும்போது மூளையின் ஒரு பாதி மற்றப் பாதியைவிட லேசாகவே உறங்குகிறது என்று காட்டியது. அந்தப் பாதி சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்ளத் தயாராக, காவல்காரன்போல இருக்கிறது. அதே இடத்தில் மறுபடி தூங்கும்போது இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. இரண்டு நாளைக்கு ஓர் ஊர் என்று போகிற குடும்பத்துக்கு இதன் பொருள் என்ன என்று கணக்குப் போடுங்கள்: பாதி இரவுகள் முதல் இரவுகள். ஆய்வில் கலந்துகொண்டவர்கள் பெரியவர்கள். குழந்தைகளுக்கும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், புது அறையில் இரவு பதினொரு மணிக்குக் கண்ணைக் கொட்டாமல் உட்கார்ந்திருக்கும் மூன்று வயதுக் குழந்தையைத் தூங்கவைக்கப் போராடிய எந்தத் தாய்க்கும் ஆய்வுச் சான்று தேவைப்படாது. இதற்கு மேல், வீட்டில் யோசிக்காமலே நடக்கிற காரியங்கள் எல்லாம் பயணத்தில் தினமும் புதிதாக முடிவெடுக்க வேண்டியவையாகின்றன. காலையில் எங்கே சாப்பிடுவது, இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, காரம் இல்லாமல் சமைத்துத் தருவார்களா, கழிப்பறை எங்கே, அடுத்த டிக்கெட் எப்போது? ஒரு வாரச் சுற்றுலாக்காரர் இந்த அலுப்பையெல்லாம் வீட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்து தூங்கித் தீர்த்துக்கொள்வார். ஆறு மாதம் போகிறவருக்கு அந்த வீடு இல்லை. எனவே அவர் வழியிலேயே ஒரு வீட்டை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விடுமுறை மனிதருக்கு என்ன செய்கிறது என்பதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் யெரோன் நவைனும் அவரது குழுவினரும் 1,530 பேரிடம் விசாரித்து 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் 974 பேர் விடுமுறைப் பயணம் போய் வந்தவர்கள். ஊர் திரும்பிய பிறகு, போய் வந்தவர்களும் போகாதவர்களும் மகிழ்ச்சியில் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தார்கள். விதிவிலக்கு ஒரே ஒரு பிரிவு: பயணம் மிகவும் நிம்மதியாக, ஓய்வாக இருந்தது என்று சொன்னவர்கள். எவ்வளவு பார்த்தோம் என்ற கணக்கு அங்கே உதவவில்லை. அதே நாட்டில் ஜெஸிகா தெ ப்ளூம், 54 ஊழியர்களை நீண்ட விடுமுறையின்போது தொடர்ந்து கவனித்து 2013இல் எழுதிய கட்டுரை இன்னொன்றைச் சொல்கிறது. உடலும் மனமும் தேறிக்கொண்டே வந்து, எட்டாம் நாள் வாக்கில் உச்சத்தைத் தொட்டன. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள் அந்த லாபம் முழுவதும் கரைந்துபோனது. இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால், ‘மூன்று இரவு பீச்’ என்று ஒப்புக்கு ஒரு வரி சேர்க்கும் சுற்றுலாத் திட்டம் எங்கே தவறுகிறது என்பது புரியும். தேறத் தொடங்கும் நேரத்தில் பெட்டியைக் கட்டச் சொல்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். இவை ஐரோப்பிய மாதச் சம்பளக்காரர்களைப் பற்றிய ஆய்வுகள். கைக்குழந்தையும் பாட்டியுமாக ஊர் ஊராகப் போகும் குடும்பத்துக்கு இவற்றை எப்படிப் பொருத்துவது? எட்டு என்ற எண்ணை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம் என்று நானும் சொல்வேன். ஆனால் போக்கு தெளிவாக இருக்கிறது: தேறுவதற்கு நாள் பிடிக்கும், தேறியது தங்காது. அப்படியானால் கடல் எதற்கு, சியாங் மாயில் ஒரு வாடகை வீட்டில் இரண்டு வாரம் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். பாதி வேலை நடக்கும், மறுக்கவில்லை. மீதிப் பாதிதான் சிக்கல். நகரத்தில் வீட்டுக்கு வெளியே கோவிலும் சந்தையும் அருங்காட்சியகமும் காத்துக்கொண்டிருக்கும். அவற்றைப் பார்க்காமல் அறையில் இருந்தால் நமக்கே குற்ற உணர்வு வந்துவிடும். சின்னத் தீவில் பார்க்க வேண்டியவை இரண்டு நாளில் தீர்ந்துபோகும். அதுதான் அதன் பெரிய வசதி. ஓய்வைப் பற்றி ஆராய்ந்த சபீன் சோனென்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் இருவரும் 2007இல் அதை நான்கு கூறுகளாகப் பிரித்தார்கள்: வேலையிலிருந்து மனம் விடுபடுவது, தளர்ந்திருப்பது, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது, தன் நேரம் தன் கையில் இருப்பது. ஆழமில்லாத கடற்கரை ஒன்று இந்த நான்கையும் ஒரே இடத்தில், டிக்கெட் இல்லாமல் தருகிறது. மூன்று வயதுக்கு மணல், பன்னிரண்டு வயதுக்கு நீச்சல், பாட்டிக்கு மரத்தடி நாற்காலி. பெற்றோர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் பார்த்துக்கொள்ளலாம். பல வயதுக்காரர்கள் சேர்ந்து போகும் பயணத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பொருந்துகிற இடம் எவ்வளவு அபூர்வம் என்பது அருங்காட்சியக வாசலில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியும்.

கோ லாந்தா உண்மையில் இரண்டு தீவுகள். சுற்றுலாக்காரர்கள் போவது பெரிய லாந்தாவுக்கு. கிராபி விமான நிலையத்திலிருந்து வேனில் கிளம்பினால், வாகனங்களை ஏற்றிச் செல்லும் படகில் சின்ன லாந்தாவுக்குக் கடந்து, அங்கிருந்து 2016இல் திறந்த பாலம் வழியாகப் பெரிய லாந்தாவை அடையலாம். (கிராபியின் தெற்கே, இதே திசையில் இருக்கும் க்ளோங் தோமில்தான் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பொற்கொல்லர் உரைகல் ஒன்று கிடைத்தது. கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். இந்தக் கரைக்கு நம்மவர்கள் வருவது புதிதல்ல.) பெரிய லாந்தா வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. கடற்கரைகள் எல்லாம் மேற்கே பார்த்தவை. வடக்கில் க்ளோங் தாவ் என்ற கரை சரிவே தெரியாமல் கடலுக்குள் இறங்குகிறது. சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்கள் அங்கேதான் அதிகம். அதற்குத் தெற்கே லாங் பீச், அதற்கும் தெற்கே க்ளோங் கோங். க்ளோங் கோங்கில் கடல் வற்றும்போது பாறைகள் தலைகாட்டும், நீந்த வசதிப்படாது. ஆனால் பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் குனிந்து பார்க்கிற குழந்தைக்கு அது போதும். ஈர மணலைச் சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டிக் கோலம் போட்டதுபோல் பரப்பிவைக்கும் குட்டி நண்டுகள் இந்தக் கரைகளில் ஏராளம். ‘போரடிக்குது’ என்று மூன்றாம் நாள் எழும் முனகலுக்குப் பெற்றோர் பதில் தேட வேண்டியதில்லை. அரை மணி நேரம் விட்டுவைத்தால் போதும். தினமும் புதுக் காட்சி காட்டிப் பழக்கிய குழந்தை தானாக விளையாடும் திறமையை மறந்திருக்கும். அது திரும்பி வருவதற்கும் சில நாள் ஆகும்.

கிழக்குக் கரையில் வேறொரு லாந்தா இருக்கிறது. சீன வணிகர்கள் வந்து தங்கிய பழைய துறைமுகத் தெருவான சி ராயாவில் மர வீடுகள் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கின்றன. பக்கத்தில் அலையாத்திக் காடு. தெற்கு ஓரத்தில், சங்கா ஊ பகுதியில், உராக் லாவோய் எனப்படும் கடலோடி மக்கள் வாழ்கிறார்கள். ஆண்டுக்கு இருமுறை, நிலவுக் கணக்கில் ஆறாவது, பதினோராவது மாதப் பௌர்ணமிகளை ஒட்டி, அவர்கள் படகு செய்து கடலில் விடும் விழா நடக்கிறது. தீவில் முஸ்லிம்களே பெரும்பான்மை. மசூதிகள் நிறைய, வழியெல்லாம் ரப்பர் தோட்டங்கள். நம் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட உறவான ரொட்டியைத் தள்ளுவண்டியில் வாழைப்பழம் வைத்துச் சுட்டுத் தருகிறார்கள். காரத்துக்குப் பயந்து எதையும் தொடாத குழந்தைக்கு அது பெரிய ஆறுதல். 1990இல் அறிவித்த கடல் தேசியப் பூங்காவும் கலங்கரை விளக்கமும் தென்முனையில் இருக்கின்றன. ஒரு பகல் போதும் பார்ப்பதற்கு. குடும்பங்களுக்கு இந்தத் தீவு பொருந்தும் என்பதற்கு வேறொரு சாட்சி ஸ்வீடன்காரர்கள். குழந்தை பிறந்தால் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள் உதவித்தொகையோடு விடுப்புத் தரும் நாடு அது. அந்த விடுப்பில் ஒரு பகுதியை, தங்கள் ஊர்க் குளிரிலிருந்து தப்பி இங்கே கழிக்க வரும் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் பிள்ளைகளுக்கென்று ஸ்வீடிஷ் பாடத்திட்டப் பள்ளியே தீவில் நடக்கிறது. இதையெல்லாம் சொன்ன பிறகும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: லாந்தாவில் உலகமே வியக்கும் காட்சி எதுவும் கிடையாது. அதன் தகுதிகளில் அதையும் ஒன்றாகச் சேர்க்கிறேன்.

வியக்கும் காட்சி வேண்டுமென்றால் பக்கத்திலேயே ஃபீ ஃபீ தீவுகள் இருக்கின்றன. அங்கே மாயா வளைகுடா என்று ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி பீச்’ ஹாலிவுட் படம் அதை உலகுக்குக் காட்டிக்கொடுத்தது. பிறகு விரைவுப் படகுகள் வரிசை கட்டின. அந்தச் சின்னஞ்சிறு கரையில் ஒரே நாளில் ஐயாயிரம் பேர்வரை வந்து இறங்கினார்கள். பவளப்பாறைகள் சிதைந்தன. 2018 ஜூனில் அரசு கரையை இழுத்து மூடியது; திறக்க 2022 ஜனவரி ஆயிற்று. இப்போது ஆட்களுக்குக் கணக்கு உண்டு, படகுகள் பின்பக்கம் நிற்க வேண்டும். பிலிப்பைன்ஸ் அரசும் 2018இல் பொராக்காய் தீவை ஆறு மாதம் மூடியது. அங்கே கழிவுநீர் முக்கியக் காரணம். மாயாவில் நடந்ததைக் கவனித்தால், ஒரு மணி நேரத்துக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் கூட்டம் கரைக்கு அதிகச் சுமையையும் கரைவாசிகளுக்குக் குறைந்த வருமானத்தையும் தருகிறது என்பது தெரியும். பதினைந்து நாள் ஒரே இடத்தில் தங்கும் குடும்பம் அதே கடையில் தினமும் சாப்பிடுகிறது, துணி துவைக்கக் கொடுக்கிறது, ஒரே படகுக்காரரை மறுபடி மறுபடி கூப்பிடுகிறது. விமானமும் வேனும் ஏறுவது குறைகிறது.

ஆனால் இதை வைத்து நீண்ட நாள் தங்குபவர்களுக்குப் புண்ணியவான் பட்டம் கட்டிவிட முடியாது. தீவில் நல்ல தண்ணீருக்கு எல்லை உண்டு. குப்பை போட இடம் குறைவு. கோடையில் விடுதிகள் கிணறுகளை உறிஞ்சினால் ஊர்க்காரர் குடம்தான் காயும். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தமான் கடலோரத்தில் நில மதிப்பு ஏறியதும், தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா இல்லாத கடலோடி மக்கள் பல இடங்களில் வழக்குகளைச் சந்தித்தார்கள். அவர்களுடைய வாழ்க்கை முறையைக் காக்க 2010 ஜூனில் தாய்லாந்து அமைச்சரவை ஒரு தீர்மானம் போட்டது. அதன் பின்னும் தகராறுகள் ஓயவில்லை. இந்தக் குறையை ஒரு குடும்பத்தின் நல்லெண்ணம் தீர்த்துவிடாது. உள்ளூர்க்காரர் நடத்தும் அறையில் தங்குவது, குடிநீர்ப் புட்டியை நிரப்பிக்கொள்வது, கடலோடிகளின் குடியிருப்பை வேடிக்கைக் காட்சியாக்காமல் இருப்பது ஆகியவை நம் கையில் இருப்பவை. அவ்வளவுதான், அதற்கு மேல் பெருமைப்பட ஒன்றுமில்லை.

செலவைப் பற்றிய பயம் பெரும்பாலும் தலைகீழானது. பயணத்தில் பணத்தைத் தின்பவை போக்குவரத்தும் நுழைவுச் சீட்டும் அவசரத்துக்கு ஓட்டலில் சாப்பிடுவதும்தான். ஒரே இடத்தில் தங்கினால் முதல் இரண்டும் ஏறக்குறைய நின்றுபோகின்றன. வாரக் கணக்கில், மாதக் கணக்கில் எடுத்தால் அறை வாடகையைக் குறைத்துப் பேசலாம். சமையலறை இருந்தால் ரசம் சோறு கிடைக்கும். பிள்ளைகளின் படிப்புக்கும் இதே கணக்குதான். ஊர் மாறும் வாரத்தில் புத்தகம் திறக்க நேரமிருக்காது. காலையில் இரண்டு மணி நேரம் பாடம், பிறகு கடல் என்ற ஒழுங்கு ஓரிடத்தில் இருந்தால்தான் அமையும்.

கடல் எப்போதும் சாதுவாக இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கரையில் நேராக மோதுகிறது. அமைதியாகத் தெரியும் கரையிலும் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டாகும். சிவப்புக் கொடி பறந்தால் கணுக்கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பெட்டிச் சொறிமீன் கொட்டி உயிர் போன சம்பவங்கள் தாய்லாந்துக் கடலில் அரிதாக நடந்திருக்கின்றன. அதற்காகத்தான் பல கரைகளில் வினிகர் புட்டியோடு கம்பங்கள் நிற்கின்றன. குழந்தைகளுக்கு உடம்பை மூடும் நீச்சல் சட்டை போடுவது வெயிலுக்கும் இதற்கும் நல்லது. பவளத்தைக் கெடுக்கும் சில ரசாயனங்கள் கலந்த வெயில் கிரீம்களுக்குத் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தடை இருக்கிறது. எனக்குக் கடலைவிட அதிகப் பயம் வாடகை ஸ்கூட்டர்மீதுதான். நால்வரை ஏற்றிக்கொண்டு, குழந்தைக்கு அளவான ஹெல்மெட் இல்லாமல், மேடுபள்ளத் தீவுச் சாலையில் போகும் காட்சி அங்கே சகஜம். அதற்குச் செல்லுபடியாகும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இல்லையென்றால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். பெரிய அடி பட்டால் கிராபிக்கோ ஃபூக்கெட்டுக்கோதான் போக வேண்டும். தீவின் சாலைகளில் ஓடும் பக்கவண்டி டாக்சி மெதுவாகப் போகும். குடும்பத்துக்கு அதுவே சரி.

எந்த மாதம் போவது என்பதும் இந்த வாதத்தோடு சேர்ந்தது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை லாந்தாவுக்கு நல்ல பருவம். மழை மாதங்களில் விடுதிகளும் கடைகளும் பாதி மூடிக் கிடக்கும். நம் பள்ளிகளின் கோடை விடுமுறை முடியும் சமயத்தில் அங்கே மழை தொடங்கிவிடும். ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பக்கம் இருக்க நேர்ந்தால் கிழக்கே, தாய்லாந்து வளைகுடாவில் உள்ள கோ சாமுய், கோ ஃபாங்கான் தீவுகள் பொருந்தும்; அங்கே பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். இன்னொரு மாற்றமும் வரப்போகிறது. சின்ன லாந்தாவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்துக்கு வேலை தொடங்கியிருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு, குறிப்பாக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நோயாளிகளுக்கு, அது பெரும் உதவி; படகுக்கு வரிசையில் நிற்கும் தொல்லையை நம் வசதிக்காக அவர்கள் சுமக்க வேண்டியதில்லை. காலையில் வந்து மாலையில் திரும்பும் பஸ்கள் அதன் வழியாகப் பெருகினால் லாந்தாவின் குணம் மாறக்கூடும். மாறினால் தேட வேண்டியது அதே போன்ற இன்னொரு தீவு: ஆழமில்லாத கரை, நடந்து போகிற தூரத்தில் சாப்பாட்டுக் கடை, பார்க்க அதிகம் இல்லாத ஊர்.

கடைசியாக, பயணத்தின் எந்தக் கட்டத்தில் இதை வைப்பது? பெரும்பாலோர் எல்லாம் சுற்றி முடித்த பிறகு பரிசுபோலத் தீவைக் கடைசியில் வைக்கிறார்கள். தெ ப்ளூமின் ஆய்வு சொல்வதைப் பார்த்தால் அதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். சேர்த்த தெம்பு முழுவதும் ஊர் திரும்பிய முதல் வாரத்தில் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போய்விடும். பயணத்துக்கு ஒரு பைசா பயனில்லை. மூன்று மாதப் பயணம் என்றால் ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் வைக்கலாம். அதற்குள் பெரியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழத் தொடங்கியிருப்பார்கள், பிள்ளைகள் கோவில் என்றாலே முகம் சுளிப்பார்கள். விசா இல்லாமல் எத்தனை நாள் தங்கலாம் என்ற விதியைத் தாய்லாந்து அடிக்கடி மாற்றுவதால் அதைக் கிளம்பும் முன் சரிபார்த்துக்கொண்டு, பத்து நாளுக்குக் குறையாமல், முடிந்தால் இரண்டு வாரம் ஒதுக்குவது நல்லது. அடுத்த ஊருக்கான டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்காமல் போவது இன்னும் நல்லது. பிள்ளைகளே ‘அடுத்தது எங்கே?’ என்று கேட்கத் தொடங்கும் நாளில் எடுத்துக்கொள்ளலாம்.